போட்டுத் துவைத்த டிசைனர் டீசர்ட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? இந்த விலைக்கு எவ்வளவு காலம் உழைக்கணும்?

பீளமேட்டான்:

வணக்கமுங்க. பனியன் தொழில், சாயம், கடை, கேஸ் எல்லாம் தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்க. அதனால விவரமாவே கேக்கறேன்.

முதல் பொருள், வெளிநாட்டு டிசைனர் பிராண்ட் போலோ காலர் டீசர்ட். கோயமுத்தூர் மால்ல வாங்கினது, விலை 13,500 ரூபாய். லேபிள்ல 100% காட்டன், மெர்சரைஸ்டு, டூ-ப்ளை நூல்னு போட்டிருக்கு. பிக்கே துணி (மேல சின்னச் சின்ன மேடு பள்ளமா இருக்கற தடிச்ச பின்னல்) இல்லைங்க, மெல்லிசான சிங்கிள் ஜெர்சி, அதாவது சாதா பனியன் பின்னல். கருநீலம். லேபிள்ல சொன்ன மாதிரி 30 டிகிரில மெஷின்ல துவைச்சது, டிரையர் போடலை. வாங்கி ரெண்டு மாசத்துக்குள்ள நாலு குறை வந்திருக்கு: இடது பக்கத் தையல் கீழே போகப்போக முன்னால வந்துருது; அக்குளுக்குக் கீழயும் விலாப் பக்கமும் பஞ்சு உருண்டை கட்டுது; கீழ் மடிப்புத் தையலை ஒட்டி வரிசையா சின்னச் சின்ன ஓட்டை; வயித்துக்கு நேரா தனியா ரெண்டு ஊசிமுனை ஓட்டை.

ரெண்டாவது, வீட்ல எடுத்த டிசைனர் குர்தா. பட்டு கலந்த துணி, ஃபாயில் பிரிண்ட், சீக்வின் (மினுங்கற சின்ன வில்லை) வேலை. ஒரே ஒரு டிரைகிளீனிங்ல ஃபாயில் உதிர்ந்து, சீக்வின் எல்லாம் சுருண்டு போச்சு. லேபிள்ல வட்டத்துக்குள்ள பி போட்டிருக்கு.

ரெண்டு கடையும் சொல்றது ஒண்ணுதான்: "போட்டுத் துவைச்சதை எடுக்க மாட்டோம், பில்லுலயே இருக்கு." எது நியாயமான கோரிக்கை, எது நம்ம தலைல விழறது, எப்படிக் கேக்கணும்னு சொல்லுங்க.

காதர்பேட்டை செக்கர்:

தம்பி, நாலு குறையையும் ஒரே மூட்டையாக் கட்டிக் கொண்டு போகாதீங்க. அதுல ஒண்ணு உங்க பக்கம் தப்புன்னு தெரிஞ்சாலும், மத்த மூணையும் சேர்த்துத் தள்ளிருவாங்க. தனித்தனியாப் பார்க்கலாம்.

தையல் முன்னால வர்றதுக்குத் திருப்பூர்ல ஸ்பைராலிட்டின்னு சொல்றது. ஒத்தை நூல்ல முறுக்கு ஒரே திசைல இருக்கும். நனைஞ்சா அந்த முறுக்கு பிரியப் பார்க்கும், கண்ணி (பின்னல் வளையம்) சாயும், துணியே திரும்பும். சிங்கிள் ஜெர்சில இது ரொம்ப அதிகம். வட்ட நிட்டிங் மெஷின்ல ஃபீடர் (நூல் கொடுக்கற முனை) எண்ணிக்கை கூடக்கூட வரிசையும் சாய்வா ஏறும், அதுவும் சேர்ந்துக்கும். ஸ்டென்டர், காம்பாக்டிங்னு சொல்ற ஃபினிஷிங் மெஷின்ல துணியை இழுத்து நேராக்கி அனுப்பிட்டா கடைல பார்க்கறப்போ ஒண்ணும் தெரியாது. தண்ணி பட்டதும் பழைய இடத்துக்குப் போயிரும். ஆக இது போட்டுத் தேய்ஞ்சதால வந்ததில்லை, விக்கற அன்னைக்கே துணிக்குள்ள இருந்த குறை. இன்னொண்ணு, டூ-ப்ளைன்னா ரெண்டு ஒத்தை நூலை அதோட முறுக்குக்கு எதிர்த் திசைல சேர்த்து முறுக்கறது. சேர்க்கற முறுக்கு பழைய முறுக்கைச் சமன் பண்ணிரும். அப்படிப்பட்ட நூல்ல பின்னினதுன்னு எழுதியிருக்கற துணி இவ்வளவு திரும்பக் கூடாது. லேபிள் வாசகமே உங்களுக்குச் சாட்சி.

அளந்து காட்டுங்க, வாய்ல சொன்னா எடுபடாது. துவைச்சு, மேசைல விரிச்சுக் காயப் போடுங்க. அயர்ன் பண்ணாதீங்க, கையால இழுத்து நேராக்காதீங்க. அயர்ன் பண்ணினா குறை மறைஞ்சு போகும், அடுத்த துவைப்புல திரும்ப வரும். காய்ஞ்சதும் முன்பக்கம் மேல இருக்கற மாதிரி பரப்பி, ரெண்டு தோள் தையலையும் சமமா வைங்க. அக்குள் தையல் முனைல இருந்து கீழ் மடிப்புக்குச் செங்குத்தா ஸ்கேல் வைச்சு ஒரு புள்ளி குறிங்க. அந்தப் புள்ளிக்கும் பக்கத் தையல் இப்போ மடிப்பைத் தொடற இடத்துக்கும் இடைவெளி எத்தனை சென்டிமீட்டர்னு பாருங்க. அதை அக்குள்ல இருந்து மடிப்பு வரைக்கும் உள்ள நீளத்தால வகுத்து நூறால பெருக்கினா சதவீதம். 40 செ.மீ. நீளத்துல 2 செ.மீ. நகர்ந்தா 5%. எக்ஸ்போர்ட் ஆர்டர்ல பெரும்பாலும் 5% வரைக்கும் விடுவாங்க, கறாரான பையர் அதுக்கும் கீழ கேப்பாங்க. அதைத் தாண்டினா இங்க ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்லயே பீஸ் நின்னுரும்.

வலது பக்கத்தையும் கட்டாயம் பாருங்க. இடது தையல் முன்னால வர்றப்போ வலது தையல் பின்னால போயிருந்தா, உடம்பே சுத்துது, துணி குறை. இடது மட்டும் நகர்ந்து வலது நேரா இருந்தா வெட்டினதுலயோ தைச்சதுலயோ தப்பு. ரெண்டும் கம்பெனி பொறுப்புதான், ஆனா எதுன்னு சரியா எழுதணும்.

கீழ் மடிப்பு ஓட்டை: தையல் கோட்டுல இருந்து ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டருக்குள்ள, ஒரே சீரான இடைவெளில இருந்தா அது நீடில் கட். நிட்டெட் துணிக்கு பால் பாயின்ட் ஊசி போடணும், அது கண்ணியை விலக்கிட்டு உள்ள போகும். முனை மழுங்கின ஊசி, பிசிறு விழுந்த ஊசி, இல்ல மெல்லிசு துணிக்குத் தடிச்ச ஊசி போட்டா கண்ணி அறுந்துரும். இந்த மாதிரி துணிக்கு 65 இல்ல 70 நம்பர் போடற இடத்துல 90 நம்பர் ஊசி ஓட்டினா இதுதான் கதி. ஃபினிஷிங்ல சாஃப்ட்னர் பத்தாம துணி வறண்டு இருந்தாலும் இப்படியே ஆகும். அறுந்த கண்ணி தையல்ல சிக்கி நிக்கும், செக்கிங் டேபிள்ல கண்ணுக்குப் படாது. ரெண்டு மூணு துவைப்புல விலகி ஓட்டையாத் தெரியும், அப்புறம் ஏணிப்படி மாதிரி மேல ஓடும். உள்பக்கம் திருப்பி, பின்னால டார்ச் வைச்சு, போன் கேமராவை முழுசா ஜூம் பண்ணிப் படம் எடுங்க. பக்கத்துலயே ஒரு ஸ்கேல் இருக்கட்டும். நூல் முனை மட்டும் அறுந்து, சுத்தி இழுபட்ட இழை ஒண்ணும் இல்லைன்னா நீடில் கட். சுத்தி துணி சுருங்கி நீளமா ஒரு இழை இழுபட்டிருந்தா எதுலயோ மாட்டினது.

வயித்துக்கு நேரா இருக்கற ரெண்டு ஓட்டையை விட்ருங்க. ஜீன்ஸ் பட்டன், பெல்ட் பக்கிள், வண்டி டேங்க், சீட் பெல்ட் இதுக்கு நடுவுல மெல்லிசு துணி மாட்டித் தேய்றதால அந்த இடத்துல ஓட்டை விழும். எந்த பிராண்டா இருந்தாலும் விழும். அதைச் சொன்னா உங்க பேச்சோட கனம் குறைஞ்சுரும்.

பஞ்சு உருண்டை பாதிக்குப் பாதி. அக்குள், விலா எல்லாம் உராயற இடம். அங்க மட்டும் இருந்தா பயன்பாட்டுத் தேய்மானம்னு சொல்லிருவாங்க.

நொய்யல் சாயம்:

அண்ணன் சொன்னதுல பஞ்சு உருண்டை விஷயத்துல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லைங்க.

சாதா காட்டன் டீசர்ட்டுனா உராயற இடத்துல பில்லிங், அதாவது பஞ்சு உருண்டை, வர்றது சகஜம்தான். இது மெர்சரைஸ்டுன்னு சொல்லி வித்தது. நல்ல மெர்சரைஸ்டு துணிக்கு முதல்ல நூலை கேஸிங் பண்ணுவாங்க, அதாவது நெருப்புச் சுடர் வழியா வேகமா ஓட்டி மேல நீட்டிட்டிருக்கற ரோமத்தைச் சுட்டெடுக்கறது. அப்புறம் இழுத்துப் பிடிச்ச நிலைல காஸ்டிக் சோடால நனைப்பாங்க. இழை உருண்டு வழவழப்பாகும், பளபளப்பு வரும், பலமும் கூடும், சாயமும் நல்லாப் பிடிக்கும். மேல ரோமமே இல்லாத நூல்ல உருண்டை கட்டறதுக்குப் பஞ்சு எங்கிருந்து வரும்? சீக்கிரமே உருண்டை வந்திருக்குன்னா ஒண்ணு கேஸிங் பண்ணலை, இல்ல ரோமத்தை என்சைம் பயோபாலிஷ்ல மட்டும் தின்ன விட்டு பளபளப்பு காட்டியிருக்காங்க. பயோபாலிஷ் கொஞ்சம் கூடிட்டா துணி எடையும் குறையும், பலமும் குறையும். அப்படி ஆன துணில ஊசி ஓட்டையும் லேசா விழும். ரெண்டு குறைக்கும் வேர் ஒண்ணா இருக்க வாய்ப்பிருக்கு.

அதனால முதுகுப் பக்கத்தைப் பாருங்க. தோள்பட்டைக்குக் கீழ, நடு முதுகுல, பேக் மாட்டாத இடம். அங்கயும் உருண்டையோ ரோமமோ இருந்தா உராய்வு மேல பழி போட முடியாது. பில்லிங்குக்கு ஐஎஸ்ஓ 12945 சோதனை இருக்கு. 1-ல இருந்து 5 வரைக்கும் மதிப்பெண், 5 நல்லது. எக்ஸ்போர்ட்ல 3-4 இல்ல 4 கேக்கறதுதான் வழக்கம்.

சாயத்தைப் பத்தி நீங்க கேக்கலை, ஆனா கருநீலம்னதால சொல்றேன். வெள்ளை காட்டன் கைக்குட்டையை விரல்ல சுத்தி, உள்பக்கத் தையல் ஓரத்துல பத்து தடவை தேய்ங்க, முதல்ல காய்ஞ்ச துணியால, அப்புறம் நனைச்சுப் பிழிஞ்ச துணியால. லேப்ல கிராக்மீட்டர்ங்கற தேய்க்கற கருவி பண்றதும் இதே பத்து தடவைதான், அழுத்தம் மட்டும் அளவா இருக்கும். காட்டனுக்குப் போடற ரியாக்டிவ் சாயத்துல அடர்ந்த நிறம் ஈரத்துல கொஞ்சம் ஒட்டும், கறை எவ்வளவுன்னு பார்க்கற கிரே ஸ்கேல்ல (இதுலயும் 5 நல்லது) 2-3 வந்தாலும் பல பையர் ஏத்துக்குவாங்க. காய்ஞ்ச துணில ஒட்டினா சோப்பிங், அதாவது மிச்சச் சாயத்தைக் கழுவி எடுக்கறது, சரியாப் பண்ணலைன்னு அர்த்தம், அதையும் எழுதுங்க. வெளிறுறது வேற கதை. நம்ம ஊர் வெயில்ல மொட்டை மாடில மேல்பக்கம் தெரியற மாதிரி காயப்போட்ட நீலம் வெளிறினா கம்பெனியைக் குத்தம் சொல்ல வழியில்லை.

தண்ணியும் பாருங்க. சிறுவாணித் தண்ணி மென்மை, சோப்பு உடனே நுரைக்கும், அலசினா போயிரும். போர் தண்ணினா கால்சியம், மெக்னீசியம் சோப்போட சேர்ந்து துணி மேல படியும். அடர் நிறம் சாம்பல் பூத்த மாதிரி ஆகும், துணி விறைக்கும், விறைச்ச துணி சீக்கிரம் தேயும். கடைக்காரர் எந்தத் தண்ணின்னு கேட்டா உள்ளதைச் சொல்லிருங்க. முறுக்குக்கும் ஊசி ஓட்டைக்கும் தண்ணி காரணமே ஆகாது.

இனி குர்தா. வட்டத்துக்குள்ள பி இருந்தா பெர்குளோரோஎத்திலீன் (சுருக்கமா பெர்க்) கரைப்பான்ல சுத்தம் பண்ணலாம்னு அர்த்தம். எஃப் இருந்தா ஹைட்ரோகார்பன் மட்டும்தான். வட்டத்து மேல பெருக்கல் குறி இருந்தா டிரைகிளீனிங்கே ஆகாது. வட்டத்துக்குக் கீழ ஒரு கோடு இருந்தா மென்மையான ஓட்டம்னு அர்த்தம், அதையும் பாருங்க. ஃபாயில் பிரிண்ட்டைப் பசை மேல ஒட்டறாங்க. பெர்க் அந்தப் பசையை இளக்கிரும். சீக்வின் பிவிசியா இருந்தா அதுல மென்மைக்குச் சேர்த்த எண்ணெய்ப் பொருளை பெர்க் உறிஞ்சி எடுத்துரும், வில்லை விறைச்சுச் சுருளும். பாலியஸ்டர் சீக்வின் பெர்க்கைத் தாங்கும், ஆனா ஸ்டீம் அயர்ன் சூட்டுல சுருளும்.

ஆக இப்படிப் பிரிச்சுக்குங்க. லேபிள்ல வெறும் பி போட்டு, டிரைகிளீனர் பெர்க்ல பண்ணி, ஃபாயில் போனா: லேபிள் போட்டவர் பொறுப்பு. அந்த வேலைப்பாட்டுக்கு அந்தக் குறி போட்டிருக்கவே கூடாது. ஃபாயில் நல்லா இருந்து சீக்வின் மட்டும் சுருண்டிருந்தா அயர்னிங் சூட்டைச் சந்தேகப்படணும், டிரைகிளீனரைக் கேக்கணும். உங்களுக்கு ரெண்டும் ஆகியிருக்கு. எந்தக் கரைப்பான், ஸ்டீம் போட்டாங்களான்னு டிரைகிளீனர்கிட்ட பில்லுக்குப் பின்னாலயே எழுதி வாங்குங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கை காட்டுவாங்க, நடுவுல நீங்க நிப்பீங்க.

கிராஸ்கட் ரீடெய்ல்:

கடைப் பக்கத்துல இருந்து நான் சொல்றேன் தம்பி. "போட்டதை எடுக்க மாட்டோம்"னு போர்டு வைக்கறதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரிசப்ஷனுக்கு ஒரு டிசைனர் டிரெஸ் எடுத்து, டேக்கை உள்ள மடிச்சு வைச்சுப் போட்டு, மறுநாள் "சைஸ் சரியில்லை"ன்னு கொண்டு வர்றது முகூர்த்த சீசன்ல அடிக்கடி நடக்குது. இது வாங்கறவங்களுக்கு விளையாட்டா இருக்கலாம். அந்த உடுப்பைத் திரும்பப் புதுசா விக்க முடியாது, நட்டம் கடைக்கு வரும், சில இடத்துல சேல்ஸ் பொண்ணுங்க இன்சென்டிவ்ல பிடிப்பாங்க. தயவு செஞ்சு யாரும் செய்யாதீங்க.

இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு வழி இருக்கு. அக்குள் உள்பக்கம் லேசா ஸ்டீம் காட்டினா வியர்வை, டியோடரன்ட் வாசம் எழும்பும், வெள்ளைத் திட்டும் தெரியும். காலர் உள் மடிப்புல பவுடர், ஃபவுண்டேஷன் கறை. லெஹங்கா கீழ் விளிம்புல மண்டபத் தரைத் தூசி. டேக் கயித்தைப் பிரிச்சு மறுபடி கோத்திருந்தா துளை பெருசா இருக்கும். சில பிராண்ட் மறைக்கவே முடியாத இடத்துல பெரிய டேக் போடறாங்க, அதைக் கழட்டினா திருப்பி எடுக்க மாட்டாங்க. ஆர்எஃப்ஐடி சில்லு வைச்சதும் இருக்கு.

உங்க விஷயம் இது இல்லை. ஆனா கவுன்டர்ல நிக்கற பையனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், ஏன்னா நீங்க "ரிட்டர்ன்"னு சொல்றீங்க. அந்த வார்த்தையைச் சொன்னதும் அவன் ரிட்டர்ன் விதியைத்தான் பார்ப்பான்: டேக் இருக்கா, போடாம இருக்கா, நாள் கடந்துருச்சா. நீங்க "குவாலிட்டி கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணணும், பிராண்டுக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு அனுப்புங்க"ன்னு கேளுங்க. பெரிய பிராண்ட்ல இதுக்குத் தனி வழி இருக்கும். கடை மேனேஜர் படம், ஸ்டைல் நம்பர், லாட் விவரம் எடுத்து மேல அனுப்புவார். ஒரே லாட்ல ரெண்டு மூணு புகார் வந்தா அவங்களுக்கே பயம் வரும், சீக்கிரம் தீர்த்து வைப்பாங்க.

ஸ்டைல் நம்பர் உள்பக்கம் இடுப்புத் தையல்ல இருக்கற சின்ன வெள்ளை லேபிள்ல இருக்கும். அரிக்குதுன்னு பல பேர் வெட்டிப் போட்டுருவாங்க. அதுவும் வாஷ்கேர் லேபிளும் போச்சுன்னா பேசறதுக்கே ஒண்ணும் இல்லை.

கொண்டு போறப்போ துவைச்சுக் காய வைச்ச நிலைல கொண்டு போங்க, அழுக்கோட யாரும் தொட மாட்டாங்க. பில் நகலைக் கொடுங்க, அசலைக் கொடுக்காதீங்க. துணியை அங்க விட்டுட்டு வந்தா ரசீது வாங்குங்க. அதுல "ஒரு டீசர்ட்"னு மட்டும் எழுதினா ஒத்துக்காதீங்க. நிறம், சைஸ், ஸ்டைல் நம்பர், என்ன குறை, எந்த இடத்துலன்னு எழுதி முத்திரை வேணும். வாய் வார்த்தைல மறுத்தா, "மறுக்கறீங்கன்னு மெயில்ல ஒரு வரி அனுப்புங்க"ன்னு சாந்தமாக் கேளுங்க. பாதிப் பேர் அங்கயே மேனேஜரைக் கூப்பிடுவாங்க.

டிஸ்கவுன்ட்ல வாங்கினதா, முழு விலைக்கு வாங்கினதான்னும் கேப்பாங்க. ஆஃபர்ல வித்த பொருளுக்கு எக்ஸ்சேஞ்ச் இல்லைங்கறது சைஸ், நிறம் மாத்தறதுக்குத்தான். குறையுள்ள பொருளுக்கு அது பொருந்தாது. "சின்னக் குறை உள்ளது"ன்னு சொல்லியே வித்த செகண்ட்ஸா இருந்தா மட்டும் அந்தச் சொன்ன குறைக்காகத் திரும்பக் கேக்க முடியாது.

பீளமேட்டான்:

அண்ணா, அக்கா, ரொம்ப நன்றிங்க. சொன்னபடி அளந்தாச்சு. அக்குள்ல இருந்து மடிப்பு வரைக்கும் 42 செ.மீ., நகர்வு 4.5 செ.மீ. கிட்டத்தட்ட 10.7% வருது. வலது தையல் பின்னால போயிருக்கு. முதுகுலயும் லேசா ரோமம் எழும்பியிருக்கு, உருண்டை குறைவு. மடிப்பு ஓட்டை தையலை ஒட்டியேதான் இருக்கு. முழு விலைக்கு வாங்கினது. டிரைகிளீனர் பெர்க்னு எழுதிக் கொடுத்துட்டார், ஸ்டீம் போட்டதாவும் ஒத்துக்கிட்டார்.

லேப்ல கொடுத்துச் சோதிக்கலாமா? சட்டத்துல இதுக்கு என்ன இடம்? இவ்வளவு விலை கொடுத்ததே ஒரு வாதமா நிக்குமா?

பெருந்துறை வழக்கறிஞர்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். விலை மட்டுமே தனி வாதமாக நிற்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(10), குறைபாடு என்றால் என்ன என்று சொல்கிறது: சட்டத்தின்படியோ, வெளிப்படையான அல்லது உள்ளடங்கிய ஒப்பந்தத்தின்படியோ, விற்பவர் சொல்லிக்கொண்டபடியோ இருக்க வேண்டிய தரம், அளவு, திறன், தூய்மை ஆகியவற்றில் உள்ள பிழை. உங்களுக்குப் பலம் தருவது கடைசிப் பகுதி. "மெர்சரைஸ்டு, டூ-ப்ளை" என்பது விற்பவர் சொல்லிக்கொண்டது. குர்தாவில் "பி" குறியும் அப்படியே. இவற்றுக்குத் துணையாக விலையைச் சேருங்கள். இவற்றை விட்டுவிட்டு விலையை மட்டும் பேசாதீர்கள்.

"போட்டுத் துவைத்துவிட்டீர்கள், ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம்" என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். சரக்கு விற்பனைச் சட்டம் 1930-ல் பிரிவு 42 அப்படி ஒரு வாதத்துக்கு இடம் தருகிறது. ஏற்றுக்கொண்ட பிறகு சரக்கை நிராகரிக்க முடியாமல் போனாலும், பிரிவு 13(2)-ன்படி இழப்பீடு கேட்கும் உரிமை போகாது. பிரிவு 16(2) விற்பனைக்குத் தகுந்த தரத்தை உள்ளடங்கிய நிபந்தனையாக வைக்கிறது. வாங்கும்போது சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு மட்டுமே விலக்கு. துவைத்தால்தான் தெரியும் முறுக்கு அந்த விலக்குக்குள் வராது. கடையில் யாரும் துவைத்துப் பார்த்து வாங்குவதில்லை.

2019 சட்டத்தின் பிரிவு 2(47) குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறையாகக் கொள்கிறது. பில்லில் காலம் குறித்திருந்தால் அந்தக் காலம், குறிக்காவிட்டால் 30 நாள். நீங்கள் அந்த நாளைத் தாண்டியிருக்கலாம். தாண்டியிருந்தாலும் குறைபாட்டுப் புகார் தனியாக நிற்கும். அதற்கு 2 ஆண்டு அவகாசம் இருக்கிறது. இணையத்தில் வாங்கியவர்களுக்கு 2020 மின்வணிக விதிகள் உண்டு: குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2 ஆண்டு சட்டப்படியான உத்தரவாதம் இருக்கிறது, முதல் ஓராண்டில் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கருதப்படும் என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது அங்கே வாங்கியவருக்கு. கோவையில் வாங்கிய பொருளுக்கு அதைக் காட்டிப் பயனில்லை.

சோதனை பற்றி ஒரு எச்சரிக்கை. துணியை நீங்களே வெட்டிக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது) பார்க்க 100 சதுர செ.மீ. வட்டம் வெட்டுவார்கள், பில்லிங்குக்கும் துண்டு எடுப்பார்கள். வெட்டிய பிறகு உங்கள் சாட்சியமே சிதைந்தது என்று எதிர்த்தரப்பு பேசும். ஆய்வகச் சோதனை இல்லாமல் முடிவு செய்ய முடியாத குறை என்றால், பிரிவு 38(2)(சி)-ன்படி நுகர்வோர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்பும், 45 நாளுக்குள் அறிக்கை கேட்கும். அதற்கு முன்பே கருத்து வேண்டுமானால் துணியைச் சிதைக்காத சோதனையை மட்டும் கேளுங்கள்: முறுக்கு அளவு, தையல் ஓட்டை பற்றிய கண்பார்வை அறிக்கை. கோவை அவினாசி சாலையில் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சி சங்கமான சிட்ரா இருக்கிறது. ஜவுளிக் குழுவின் ஆய்வகங்கள் கோவையிலும் திருப்பூரிலும் உண்டு.

வரிசை இது. முதலில் கடைக்கும் பிராண்டின் இந்திய இறக்குமதியாளருக்கும் ஒரே கடிதம், ஸ்பீட் போஸ்டிலும் மெயிலிலும். 15 நாள் அவகாசம் கொடுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பல இடங்களில் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இணையவழியிலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. சட்டம் 3 மாதம், சோதனை வேண்டுமென்றால் 5 மாதம் என்கிறது. நடைமுறையில் அதைவிட இழுக்கும் என்று எண்ணி இறங்குங்கள்.

டீசர்ட்டையும் குர்தாவையும் ஒரே மனுவில் சேர்க்காதீர்கள். விற்றவர் வேறு, காரணம் வேறு. குர்தா மனுவில் டிசைனர் கடை, டிரைகிளீனர் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

காதர்பேட்டை செக்கர்:

10.7% ரொம்ப அதிகம் தம்பி. 5%-க்கு ரெண்டு மடங்கு. இது ஒண்ணே போதும், கடிதத்துல இதை முதல்ல வைங்க. அடுத்தது மடிப்பு ஓட்டை, மூணாவதா முதுகு ரோமம். வயித்து ஓட்டையை எழுதவே வேண்டாம், கேட்டா மறைக்கவும் வேண்டாம்.

எவ்வளவு உழைக்கணும்னு கேட்டீங்களே, அதுக்கும் சொல்லிடறேன், நிறைய பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. விலை ஏற ஏற நூல் சன்னமாகும். 80-ஆம் நம்பர் நூல் ரெண்டைச் சேர்த்து முறுக்கினா தடிமன் 40-ஆம் நம்பர் ஒத்தை நூல் அளவுதான் வரும். நீளமான இழை உள்ள பருத்தில நூத்தா வழுவழுன்னு இருக்கும், பில்லிங் குறையும். சுவின் பருத்தியும் அந்த ரகம்தான், சுஜாதா, செயின்ட் வின்சென்ட்ங்கற ரெண்டு பருத்தி ரகத்தைக் கலந்து நம்ம கோயமுத்தூர்ல உருவாக்கி 1974-ல வெளியிட்டது. ஆனா 140 ஜிஎஸ்எம் சன்னத் துணி எந்தப் பருத்தியா இருந்தாலும், 220 ஜிஎஸ்எம் பிக்கே பனியன் மாதிரி உராய்வைத் தாங்காது. ஐநூறு ரூபா தடிச்ச டீசர்ட் அதைவிட அதிக வருஷம் உழைச்சா அதுல அதிசயம் ஒண்ணும் இல்லை. அதிக விலைக்கு நீங்க நியாயமாக் கேக்க வேண்டியது தையல், வெட்டு, ஃபினிஷிங், லேபிள் வாசகம் நாலும் பிழையில்லாம இருக்கணும்ங்கறதுதான். ஆயுசைக் கேக்கறப்போ துணி வகையைப் பார்த்துக் கேக்கணும்.

காஷ்மீர் ஸ்வெட்டர் எவ்வளவு விலையானாலும் முதல்ல உருண்டை கட்டும், சீப்பு வைச்சு எடுக்கணும். விஸ்கோஸ் நனைஞ்சா பலம் பெருமளவு குறையும், ஈரத்துல முறுக்கிப் பிழிஞ்சு கிழிச்சா கடை பொறுப்பில்லை. லினன் சட்டையை ஒரே மடிப்புல அழுத்தி அழுத்தி அயர்ன் பண்ணினா அந்தக் கோட்டுலயே இழை ஒடியும். எலாஸ்டேன் (ரப்பர் மாதிரி இழுபடற இழை) கலந்த ஜீன்ஸ் சூட்டுலயும் குளோரின்லயும் தளரும். பியு (பாலியூரித்தேன்) பூச்சு போட்ட செயற்கைத் தோல் ஜாக்கெட் காத்துல இருக்கற ஈரத்தாலயே சில வருஷத்துல உரியும், அலமாரில தொங்கினாலும் உரியும். வாங்கறப்பவே அது தெரிஞ்சு வாங்கணும்.

கடை கிரெடிட் நோட் தர்றேன்னு சொன்னா காலாவதி தேதி, ஆஃபர் பொருளுக்குச் செல்லுமான்னு பார்த்து வாங்குங்க. அதே ஸ்டைல்ல மாத்தித் தர்றேன்னா மட்டும் வேண்டாம். அதே லாட் துணினா அதுவும் திரும்பும். வேற லாட்டா இருந்தா அங்கயே அக்குள்ல இருந்து மடிப்பு வரைக்கும் கண்ணி வரிசையைப் பாருங்க. நெடுக்குக் கண்ணி பக்கத் தையலுக்கு இணையா இறங்காம சாய்ஞ்சு தையலுக்குள்ள புகுந்தா அதைத் தொடாதீங்க.

இன்ஸ்பெக்‌ஷன் முடியற வரைக்கும் அந்த டீசர்ட்டை மறுபடி துவைக்காதீங்க, ஓட்டையை நூல் ஓட்டி அடைக்கற டார்னிங் போடாதீங்க, ஹேங்கர்ல மாட்டாதீங்க. தட்டையா மடிச்சு, காட்டன் துணியில சுத்தி வைங்க. படத்துல எல்லாம் தேதி தெரியட்டும்.